நாடகப் பிரதிகளிற் பெயர் வேறுபாடு

எழுத்து வழக்கு ஒருவாறு வரையறை பெற்ற காலத்தில் வாழ்கின்றவர் நாம். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் சேர்ந்து, ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துருவே உரியது என்னும் எண்ணத்தை நம் உள்ளத்தில் ஆழப் பதித்துவிட்டன. ஆதலின் பழைய நாடக ஏடொன்றையோ, அண்ணாவியார் ஒருவர் கைப்பட எழுதிய கொப்பியையோ விரித்து, ஒரு பக்கத்தில் இராமன் என்றும் மறு பக்கத்தில் ராமன் என்றும், ஓரிடத்தில் இலட்சுமணன் என்றும் பிறிதோரிடத்தில் லெச்சுமணன் என்றும் காணுங்கால், எழுதியவர் எழுத்தறியாதவர் என்று முடிவு கட்டிவிடுகின்றோம். கையிற் சிவப்பு மை இருப்பின் திருத்தியும் விடுகின்றோம். இத்திருத்தம் எப்பொழுதும் நன்மை பயக்குமா, அன்றி நாம் அறியாமலே ஒரு சான்றினை அழித்துவிடுகின்றோமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

கொழும்பு வடக்கில் வாழ்வோருக்கு ஒன்றன் பெயர் பலவாறு வழங்குதல் புதுமையன்று. களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தைத் தமிழர் முகத்துவாரம் என்பர். சிங்கள மக்கள் மோதர என்பர். ஆங்கிலத்தில் எழுதினோர் மட்வால் என்றனர். அதனை அடுத்துள்ள ஊரைத் தமிழில் மட்டக்குளி என்று எழுதுவாரும், சிங்கள ஒலியைத் தழுவி மட்டக்குளிய என்று எழுதுவாரும் உளர். இவற்றுள் எது பிழை, எது சரி என்று வழக்காடுவதில் பயனில்லை. எப்பெயரை எவர் எங்கிருந்து பெற்றனர் என்பதை அறிவதே பயனுடையது. நாடகப் பிரதிகளில் வரும் பெயர்களையும் இம்முறையில் நோக்குதல் வேண்டும்.

முதலிற் கருதற்குரியது எழுதுகருவி. ஓலையில் எழுத்தாணியால் எழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். புள்ளி ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் ஓலையிற் புலப்படுவதில்லை. இக்காலத்து வழங்கும் குறில் நெடில் வடிவங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது யாவரும் அறிந்ததே. ரகர எழுத்தும் நெட்டெழுத்தின் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. தமிழ்ச் சொல்லாயின், படிப்பவர் பொருளை நோக்கி எழுத்தைத் துணிந்துகொள்வார். பிறநாட்டுப் பெயராயின் பொருள் துணைக்கு வாராது. 'பேதுரு' என்பதும் 'பெதுரு' என்பதும் ஓலையில் ஒரு வடிவினவே. அந்நாடகத்தை ஆடக் கண்டவன் அதனைச் சரியாகப் படிப்பான். காணாதவன் தனக்குத் தோன்றியவாறு படித்து, அவ்வாறே பெயர்த்தும் எழுதுவான். ஆகவே ஒரு பெயர் பல பிரதிகளிற் பலவாறு காணப்படுமாயின், அப்பிரதிகள் எந்த எந்த வழியாகப் பெயர்த்தெழுதப்பட்டன என்பதை அறிய அவ்வேறுபாடே துணை செய்யும்.

இரண்டாவதாகக் கருதற்குரியது பெயர் வந்த வழி. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். சிதைந்து வருவனவற்றையும் பொருந்துமாயின் அவர் விலக்கவில்லை. ரகரத்தையும் லகரத்தையும் முதலாக உடைய வடசொற்கள் முன்னே ஓர் உயிர்க்குறிலைப் பெறும் என்று நன்னூலார் கூறினார். கம்பர் இலக்குவன் என்றும் வீடணன் என்றும் பாடியது இந்நெறி பற்றியே. கூத்துப் பாடிய புலவரோ இருவழியிலும் சென்றனர். செய்யுளில் இலக்கண வழியைப் பின்பற்றியவர் வசனத்தில் மக்கள் வாய்மொழியைப் பின்பற்றினர். ஆகவே ஒரே பிரதியில் அரிச்சந்திரனும் ஹரிச்சந்திரனும் காணப்படுவர். அவன் மைந்தன் லோகிதாசன், உலோகிதாசன், ரோகிதாசன் எனப் பலவாறு வருவான்.

இவ்வேறுபாடு எழுத்தோடு நிற்பதன்று. பாட்டின் ஓசையையும் தொடுகின்றது. இராமன் என்பது நிரைநேராய்ப் புளிமா ஆகும். ராமன் என்பது நேர்நேராய்த் தேமா ஆகும். உலோகிதாசன் கருவிளங்காய், லோகிதாசன் கூவிளங்காய். மோனை நோக்கி இகரத்தில் தொடங்கிய அடியில் வரும் இராமனை ராமன் என்று மாற்றினால் மோனை கெடும். மத்தளத்தின் தாளக்கட்டுக்கு அமையப் பாடப்பட்ட ராமனை இலக்கணம் கருதி இராமன் என்று திருத்தினால், பாடுபவர் ஓர் எழுத்தை விழுங்கவே நேரும். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' நாடகத்தைக் கேட்டோர் நினைவில் நிற்பது அப்பெயர்களின் எழுத்தன்று, ஓசையே என்பதை எவரும் ஒப்புவர். நாடகப் பிரதி என்பது கண்ணாற் படித்தற்கு மாத்திரம் எழுதப்பட்ட நூலன்று. பாடுதற்கும் பேசுதற்கும் எழுதப்பட்ட குறிப்பேடு என்பதை மறத்தல் ஆகாது.

நம் நாட்டிற்கே சிறப்பாக உரிய எடுத்துக்காட்டுக் கத்தோலிக்கக் கூத்துகளிற் கிடைக்கின்றது. போத்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர். கொழும்பை 1656ஆம் ஆண்டிலும், மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் 1658ஆம் ஆண்டிலும் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர் ஆட்சி மறைந்த பின்னரும் அவர் மொழிப் பெயர்கள் கரையோர மக்களிடை நிலைத்தன. கிறித்தவ அடியார் கதைகளைக் கூத்தாகப் பாடிய புலவர் அப்பெயர்களைத் தமிழ் ஓசைக்கு அமைத்துக்கொண்டனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962ஆம் ஆண்டில் மட்டக்களப்பின் 'அலங்காரரூபன் நாடக'த்தையும், 1964ஆம் ஆண்டில் மன்னார்ப் பகுதியின் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடக'த்தையும் பதிப்பித்து வெளியிட்டார். இரண்டாவது நூலின் பெயரே நம் ஆராய்ச்சிக்குப் போதியதொரு பாடமாகும்.

எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போத்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். ஆங்கிலத்தின் வழியாக வந்திருப்பின் எம்பரர் என்றே வந்திருக்கும். தகரமும் ஈற்றிலுள்ள ஓகாரமும் அது போத்துக்கேயர் வாயிலிருந்து நேரே வந்தது என்பதைக் காட்டுகின்றன. அன்றியும், சான்றோர், ஆன்றோர் என்னும் தமிழ்ச் சொற்களின் ஈறு போல அமைந்தமையால், கேட்பார் செவிக்கு அது மரியாதை உணர்த்தும் சொல்லாகவும் ஒலித்திருக்கும். கிளாலிக் கோயில் கொண்ட யாகப்பர் மீது 1647ஆம் ஆண்டிற் பேதுருப் புலவர் பாடிய 'சந்தியோகுமையோர் அம்மானை'யின் பெயரிலும் இதே ஈற்றைக் காண்கின்றோம்.

எண்டிறீக்கு என்பது இன்னும் நுட்பமானது. போத்துக்கேய மொழியில் இப்பெயரின் முதலில் எழுதப்படும் ஹகரம் ஒலிப்பதில்லை. ஆகவே தமிழிலும் எகரமே முதலாயிற்று. னகரத்தையும் றகரத்தையும் அடுத்தடுத்து ஒலிக்குங்கால் இடையே ஒரு டகர ஒலி தானே தோன்றும். இப்பெயரைச் சிலர் 'என்றிக்' என்றும் எழுதுவர். இலக்கணம் கற்றவர் 'என்று' என்பதை ஒலிக்குமாறே அதனையும் ஒலிப்பாராயின் இரண்டும் ஏறத்தாழ ஓர் ஒலியினவே. ஆனால் நம் நாட்டுப் பேச்சு வழக்கில் 'என்று' என்பது 'எண்டு' என ஆகிவிடும். 'என்றிக்' என எழுதிவைத்தால், படிக்கும் கூத்தர் அதனை 'எண்டிக்' என்று ஒலித்துவிடக்கூடும்; றகர ஒலி மறைந்துபோம். அது மறையாவண்ணம் காத்தற்கே 'ண்டிறீ' என விரித்து எழுதினர் என்பது என் கருத்து. அங்ஙனமாயின் இதனை எழுதியவர் எழுத்தறியாதவர் அல்லர். தம் மக்களின் நாவை நன்கு அறிந்தவர் ஆவர். இதனை ஹென்றி என்று திருத்துவோமாயின், ஒரு பெயருள் அடங்கியிருந்த போத்துக்கேயர் காலமும் ஈழத்துப் பேச்சும் ஒருங்கே மறைந்துபோம். மன்னாரில் இவ்வகை நாடகத்தின் ஒரு பிரிவுக்கு வழங்கும் வாசாப்பு என்னும் பெயரே வாசகப்பா என்பதன் திரிபு என்பர். அதனையும் திருத்த முற்படுவார் எவரும் இலர்.

நகரத்து மேடைக்கு வருவோம். பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டிற் சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஆங்கில நாடகங்களைத் தமிழாக்குங்கால் பெயர்களை ஒலி ஒப்புமையும் பொருளும் நோக்கி மாற்றினார். ஹாம்லெத் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். வெனிசு நகரத்து வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். அச்சபையார் கொழும்புக்கு வந்து நடித்ததன் பயனாக இந்நகரில் 1910களில் இலங்கைச் சுபோத விலாச சபை தோன்றிற்று, கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள் அதன் வாயிலாகப் புகழ் பெற்றார். இந்நாடகம் இன்று நம்மவர் எழுத்துகளில் வாணீபுர வணிகன், வாணிபுர வணிகன், வணிபுர வணிகன் என மூவகையாகக் காணப்படுகின்றது. இவற்றுள் முதலதே ஆசிரியர் இட்ட பெயர். ஏனையவை செவி வழியாகப் பரவியவை. நூலைப் படித்தவரினும் நாடகத்தைக் கண்டவரும் கேட்டவருமே பலர் என்பதற்கு அவை சான்றாகின்றன.

மூல நாடகாசிரியரின் பெயரும் தமிழில் ஒரு நிலைப்பட்டதன்று. ஷேக்ஸ்பியர், சேக்சுபியர், செகப்பிரியர் என எழுதுவார் பலர். விபுலானந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யிற் செகசிற்பியார் என்று எழுதினார். அப்பெயரில் உலகையே செதுக்கிய சிற்பி என்னும் பாராட்டும் அடங்கியுள்ளது. அதனைத் திருத்துவது அடிகளின் மதிப்பீட்டையே அழிப்பதாகும். ஆங்கிலத்திலேனும் அப்பெயர் நிலைபெற்றிருந்ததோ எனின், அதுவும் இல்லை. அவர் கையொப்பங்களாக ஏற்கப்பட்டவை ஆறு. அவற்றுள் ஒன்றேனும் இன்று ஆங்கிலத்தில் எழுதப்படும் முறையில் இல்லை.

எழுத்து வேறுபாட்டைச் சான்றாகக் கொண்டு அறிஞர் பெரியதோர் உண்மையைத் துணிந்தமைக்கும் அவ்வாசிரியரே எடுத்துக்காட்டு. 'சேர் தோமஸ் மூர்' என்னும் நாடகத்தின் கையெழுத்துப் பிரதியொன்று இலண்டனிற் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. பலர் கைப்பட்ட அப்பிரதியில் 3 பக்கங்கள் மாத்திரம் ஒரு தனிக் கையால் எழுதப்பட்டவை. அப்பக்கங்களில் நகர அதிகாரியைக் குறிக்கும் செரீப் என்னும் சொல் 5 வரிகளுள் 5 வகையாக எழுதப்பட்டிருக்கின்றது. நம் வகுப்பில் இவ்வாறு எழுதும் மாணவன் தண்டனைக்கு உள்ளாவான். ஆனால் அப்பக்கங்களில், மௌனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் வேண்டாத ஓர் எழுத்தைப் பெற்று மிக அருகிய வடிவில் எழுதப்பட்டுள்ளது. 1600ஆம் ஆண்டில் அச்சான 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்திலும், அச்சொல்லையே பெயராக உடைய பாத்திரத்தின் பெயர் அவ்வருகிய வடிவிற் பலமுறை வருகின்றது. 1923ஆம் ஆண்டிற் பொல்லார்ட் முதலிய அறிஞர் கூடி வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், எழுத்தமைதி, எழுத்து வடிவம், கருத்து என்பனவற்றோடு இவ்வகை எழுத்து வழக்கும் சான்றாகக் காட்டப்பட்டது. அம்மூன்று பக்கங்களும் சேக்சுபியரின் கையெழுத்தே என்று இன்று அறிஞருட் பெரும்பாலோர் ஏற்கின்றனர். அச்சுக்கோத்தவர் 1600ஆம் ஆண்டில் நம்மைப் போல் திருத்தும் ஆர்வம் உடையவராய் இருந்திருப்பின் அச்சான்று கிட்டியிராது.

பாத்திரப் பெயர் மாறி வருவதும் இத்தகைய பயனைத் தருவதே. அதே 1600ஆம் ஆண்டில் அச்சான 'வீணான பரபரப்பு' என்று பொருள்படும் நகைச்சுவை நாடகத்தின் ஒரு காட்சியில், காவலர் இருவரின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் கெம்ப், கௌலி என்னும் நடிகர் இருவரின் பெயர்கள் நிற்கின்றன. எழுதுங்கால் ஆசிரியர் தம் மனக்கண்ணில் எந்த நடிகரைக் கண்டார் என்பதை இது நமக்குக் காட்டுகின்றது. போல்ஸ்தாப் என்னும் புகழ்பெற்ற பாத்திரம் முதலில் ஓல்ட்காசில் என்னும் பெயர் உடையதாய் இருந்தது. அப்பெயருக்கு உரிய குடியினர் மனம் வருந்தியமையாற் பெயர் மாற்றப்பட்டது. எனினும் பிரதியில் ஓரிடத்தில் பழைய பெயரின் சுருக்கம் தப்பி நின்றுவிட்டது. நம் அண்ணாவிமாரின் கொப்பிகளிலும் பாத்திரப் பெயருக்குப் பதிலாக ஆடுபவர் பெயர் எழுதப்பட்டிருப்பின், அதனைப் பிழையென்று நீக்குவோர், அவ்வூரிலே எவர் எவ்வேடம் பூண்டார் என்னும் வரலாற்றையே நீக்குகின்றார் என்க.

எழுத்து வேறுபாட்டை வேண்டுமென்றே மேற்கொண்ட நாடகங்களும் உள. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நானாடக'த்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியையே எழுத்தில் வடித்தார். பேசுவோரின் ஊரும் நிலையும் கல்வியும் அவர் சொற்களின் எழுத்திலேயே தெரிதல் வேண்டும் என்பது அத்தகைய நாடகத்தின் உயிர்நிலை. அங்கே வருவனவற்றைச் செந்தமிழாக்குவோமாயின் பாத்திரங்கள் அனைவரும் ஒரே பண்டிதரின் வாயால் பேசுவர்.

இவ்வளவும் கூறியதனாற் பிழை என்பதே இல்லை என்பது என் கருத்தன்று. கை தவறி எழுதிய எழுத்தும், கண் தவறி விட்ட அடியும் எல்லாப் பிரதிகளிலும் உண்டு. ஒருவனே இருவராகத் தோன்றும்படி பெயர் மாறி, கதையே விளங்காது போகும் இடங்களும் உண்டு. அவற்றைப் பேணிப் போற்றுதல் அறிவுடைமை ஆகாது. ஆயின் பிழையையும் சான்றையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு? மூன்று வினாக்கள் துணை செய்யும் என்று கருதுகின்றேன். அவ்வடிவம் ஒருமுறை மாத்திரம் வருகின்றதா, மீண்டும் மீண்டும் வருகின்றதா என்பது முதல் வினா. மீண்டும் வருவது பெரும்பாலும் வழக்கு, ஒருமுறை வருவது பெரும்பாலும் தவறு. எதுகை, மோனை, தாளம் என்பன எவ்வடிவத்தை வேண்டுகின்றன என்பது இரண்டாம் வினா. அவ்வடிவத்தை அவ்வூரார் வாயாற் சொல்லக் கேட்கலாமா என்பது மூன்றாம் வினா. இம்மூன்றிலும் தோற்ற வடிவத்தைத் திருத்தலாம். திருத்திய இடத்தைக் குறிப்பிடுதலும் வேண்டும்.

இவ்விடயம் இன்று முன்னரிலும் விரைந்து கருதற்குரியதாயிற்று. பழைய கொப்பிகளைக் கணினியில் ஏற்றும் பணி நல்ல நோக்கத்துடன் பல இடங்களில் நடைபெறுகின்றது. 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணி வருதல் நாம் நன்றியுடன் போற்றத்தக்கது. பக்கத்தைப் படமாக எடுத்துவைப்பின் எழுத்து உள்ளவாறே நிலைக்கும். தட்டெழுதி ஏற்றும்போதோ, எழுதுபவர் தம்மை அறியாமலே திருத்திவிடுவர். கருவியும் தானே திருத்த முற்படும். மறுபுறத்தில், எண்டிறீக்கு என்று தேடுபவருக்கு என்றிக் என்று பதிவான நூல் கிட்டாது. இதற்கு வழி ஒன்றே: மூலத்தில் உள்ளதை உள்ளவாறு வைத்து, எல்லா வடிவங்களையும் ஒரு பெயர்ப் பட்டியலில் ஒன்றோடொன்று தொடுத்துக் காட்டுதல். மூலம் ஒரு பக்கமும் ஆடுதற்கேற்ற திருந்திய வடிவம் ஒரு பக்கமுமாக வெளியிடுவது இன்னும் சிறப்பு.

நம் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்த் தினப் போட்டிகளிற் கூத்து மேடையேறுகின்றது. அக்கூத்துகளைத் தேடி மாணவர் ஊர்களுக்குச் செல்லும்போது, அண்ணாவியார் தரும் கொப்பியை முதலில் எழுத்துக்கு எழுத்து பெயர்த்து எழுதும் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் ஊட்டுதல் வேண்டும். பெயர்த்தெழுதிய பின்னர், 'ஐயா, இதனை எப்படிச் சொல்வீர்கள்?' என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் ஒலியை அருகே குறித்துக்கொள்ளுமாறு பணித்தல் வேண்டும். அவ்வொலியைச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஏட்டிலுள்ள எழுத்தைப் பிற்காலத்தாரும் ஆராயலாம். அவ்வெழுத்துக்கு உரிய குரலை இன்று கேளாதுவிடின் பின்னர்க் கேட்டல் இயலாது.